நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு சாய்ந்த கோடு

அருளானந்தம் அவர்கள் மறைந்த செய்தி வந்த காலையில், நான் ஒரு கல்யாணப் பெண்ணின் தலைக்குப் பின்னால் தெரிந்த மின்விசிறியை அழித்துக்கொண்டிருந்தேன். ஆல்பத்துக்கான படம். மணமேடையில் யார் எங்கே நின்றாலும் பின்னால் ஒரு மின்விசிறி வந்து நிற்கும். அதை எடுப்பதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. கைப்பேசியில் அவருடைய மனைவி மேரி. "அக்கா, காப்பி கொண்டுக்கிட்டுப் போயி எழுப்புனேன். அவுக எந்திரிக்க மாட்டேங்குறாக" என்றார். நான் "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஏனோ உடனே எழுந்திருக்காமல், மீதமிருந்த அரை மின்விசிறியையும் அழித்து முடித்தேன். கை அதுபாட்டுக்குச் செய்தது. பிறகுதான் அழுகை வந்தது.

எங்கள் வட்டாரத்துப் புகைப்படக்காரர்கள் சேர்ந்து போடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "பழக இனியவர், சொன்ன நேரத்தில் வேலையை முடிப்பவர் என்று எழுதிக் கொடு, போதும்" என்றார் என் வீட்டுக்காரர். முதலாவது மெய். இரண்டாவதை எழுதினால் அவரே மேலேயிருந்து சிரிப்பார். ஒரு ஆல்பத்தைக்கூட அவர் சொன்ன நாளில் முடித்ததில்லை. ஆனால் நான் ஒரு பக்கத்தோடு நிறுத்தாமல் எழுதுவதற்குக் காரணம் வேறு. அவர் பெயரோடு ஒரு குற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தாயின் இறுதிச் சடங்கு வீடியோவை அழித்துவிட்டவர் என்று எங்கள் ஊர் இலுப்பூரில் இன்றும் சொல்பவர்கள் உண்டு. அதை அழித்தது அவர் அல்ல, நான். அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி செலுத்த எனக்கு வாய் இல்லை.

அவர் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தது குவைத்திலிருந்து திரும்பிய வருடம். அங்கே ஒரு கம்பெனியில், குளிர்ந்த அறையில், வரிசையாக நிற்கும் கணினிப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவருடைய அப்பா இறந்தபோது விடுப்புக் கிடைக்காமல், அடக்கத்தை யாரோ தூக்கிப் பிடித்த கைப்பேசியில் விட்டு விட்டுத்தான் பார்த்தாராம். ஊருக்கு வந்ததும் கேமரா கற்றுக்கொண்டார். எங்களிடம் வந்து, "சாவு வீட்டு வீடியோவ மட்டும் எனக்குக் குடுங்க, நான் நல்லா எடுப்பேன்" என்று கேட்டார். அந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்த ஒரே ஆள் அவர்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலிருந்து என்னை அக்கா என்றே கூப்பிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "சரிங்கக்கா" என்பார்.

வீடியோக்களைச் சேர்த்து வைக்க ஒரு பழைய கணினியை எங்கிருந்தோ கொண்டுவந்து என் மேசைக்கு அடியில் வைத்தார். அதில் படம் கிடையாது, சுட்டி கிடையாது. கறுப்புத் திரை, அதில் மினுங்கிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கட்டம். எது வேண்டுமோ அதைச் சொல்லாக அடிக்க வேண்டும். அதற்கு ஷெல் என்று பெயர் என்றார். மதிய வெயிலில் தெருவே தூங்கும்போது அவர் அதன் முன்னால் உட்கார்ந்து, விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு, எதையும் அடிக்காமல் அந்தக் கட்டம் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன யோசனை என்று கேட்டால், "அது காத்துக்கிட்டு இருக்குக்கா. நாம சொல்ற வரைக்கும் இப்படியே காத்துக்கிட்டு இருக்கும். யாரு இருக்கா அப்படி" என்பார்.

எனக்கும் சொல்லிக் கொடுக்க முயன்றார். நான் அரைக் காதோடுதான் கேட்டேன், ஆனாலும் சில மறக்கவில்லை. எதிரே இருந்த டீக்கடையைக் காட்டித்தான் தொடங்கினார்.

"டீக்கடையில எப்படிச் சொல்றீங்க? மொதல்ல டீ போடுங்கன்னு வேலையச் சொல்றீங்க. பெறகு சீனி கம்மியா, ஆத்தாமன்னு எப்படிப் போடணும்னு சொல்றீங்க. கடைசியா யாருக்குன்னு சொல்றீங்க. இதுவும் அம்புட்டுத்தான். மொதச் சொல்லு வேலை. சின்னக் கோடு போட்டுக்கிட்டு வர்ற எழுத்து, எப்படிங்குறதுக்கு. மிச்சமெல்லாம் யாருக்குங்குறதுக்கு."

"அந்தக் கோடு எதுக்கு?"

"கோடு போடலேன்னா சீனிங்குறதையும் ஒரு ஆளு பேருன்னு நெனச்சுக்கிட்டு, அந்த ஆளத் தேடும்."

"நம்ம மாஸ்டருக்குக் கோடு போட்டுச் சொன்னாலும் சீனிய அள்ளித்தானே போடுறாரு" என்றேன். அவர் அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

அழிப்பதற்கான சொல் rm. அதோடு -i என்று கோடு போட்டு அடித்தால் ஒவ்வொன்றாகக் காட்டி, எடுக்கட்டுமா என்று கேட்கும். -f என்று அடித்தால் எதையும் கேட்காமல் செய்து முடிக்கும். "டீயில சீனி கூடிப்போனா வேற டீ வாங்கிக்கலாம். இதுல ஒரே எழுத்துக்கா, பாத்துக்கங்க" என்று சொல்லி, எப்போது rm அடித்தாலும் அது கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அந்தப் பெட்டியில் ஏற்பாடு செய்து வைத்தார். அவர் மட்டும், அவசரத்துக்கு, -f போடுவார். அதையும் நான் பார்த்துவைத்துக்கொண்டேன்.

ஒருநாள் 'கந்தர்வக்கோட்டை கல்யாணம்' என்ற ஃபோல்டரைத் திறக்கச் சொன்னபோது, கந்தர்வக்கோட்டை என்று யாரும் இல்லை, கல்யாணம் என்றும் யாரும் இல்லை என்று பெட்டி சொல்லிவிட்டது. நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்து இரண்டு பெயர் என்று நினைத்துவிட்டதாம். அவர் அந்த இடைவெளிக்கு முன்னால் இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோட்டைப் போட்டார். உடனே திறந்தது. "இந்தக் கோட்டுக்குப் பின்னால எது வந்தாலும் அது தன்னோட உத்தியோகத்த எறக்கி வச்சுரும். வெறும் எழுத்தா நிக்கும். இங்க பாருங்க, நட்சத்திரம்னா ஷெல்லுக்கு 'இங்க இருக்குற எல்லாரும்'னு அர்த்தம். முன்னால கோட்டப் போட்டுட்டா நட்சத்திரம் வெறும் நட்சத்திரந்தான்" என்றார். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஏர்போர்ட்ல வந்து எறங்குனப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. உத்தியோகமெல்லாம் எறங்கிப் போயி, வெறும் அருளானந்தமா நின்னேன்" என்றார்.

இனி என் தவறுக்கு வருகிறேன். எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. நோட்டில் எழுதத் தொடங்கும்போது மேலே பிள்ளையார் சுழி போடுகிறோம் அல்லவா, அதுபோல ஒவ்வொரு விசேஷத்துக்கும் புது ஃபோல்டர் திறந்ததும் முதலில் ஒரு வெற்றுக் கோப்பை வைப்பேன். பெயர் 'உ'. வேதக்காரர் வீடு என்றால் ஒரு சிலுவைக் குறி. ஆனால் சாவு வீட்டுக்குப் பிள்ளையார் சுழி போடக்கூடாது. ஒன்றும் போடாமல் தொடங்கவும் எனக்கு மனசு வராது. அதனால் அவர்களுக்கு ஒரு நட்சத்திரம் வைத்தேன். செத்தவர்கள் வானத்துக்குப் போகிறார்கள் என்பதுதான் என் கணக்கு. அருளானந்தம் சார் அதை முதன்முதலாகப் பார்த்தபோது திரைக்குக் கிட்டே குனிந்தார். "வெறும் ஃபோல்டர்ல அடிச்சதால பொழச்சீங்க. ஷெல்லு எல்லாரும்னு கூப்பிட்டுப் பாத்துருக்கு. ஒருத்தரும் இல்ல. அதனால நட்சத்திரத்த நட்சத்திரமாவே வச்சுக்கிருச்சு" என்றார். அழிக்கச் சொல்லவில்லை. "இருக்கட்டும், அழகாத்தான் இருக்கு. ஆனா நான் இல்லாதப்ப அதத் தொடாதீங்கக்கா" என்றார்.

என் நாத்தனார் இறந்தபோது சடங்கு முழுவதையும் அவர்தான் எடுத்தார். நாத்தனாரின் மூத்த மகன் கார்த்தி கத்தாரில் இருந்தான், வர முடியவில்லை. வாய்க்கரிசி போடும் நேரத்தில் யாரோ அவனை வீடியோ காலில் கூப்பிட்டு, கைப்பேசியை அந்த அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். கைப்பேசிக்குள் மகன் முகம், பக்கத்தில் தாய் முகம். மகன் என்னவோ சொன்னான். ஒப்பாரிச் சத்தத்தில் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. கேமரா மிக அருகில் இருந்தது, அதற்கு மட்டும் கேட்டிருக்கும்.

ஒரு வாரம் கழித்து, கார்த்தியோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் கத்தாருக்குக் கிளம்பினார். வீடியோவைப் பென்டிரைவில் வாங்கிப்போக வந்து, வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அருளானந்தம் சார் ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாவு வீட்டில் எடுத்த மெமரி கார்டுகளைத் துடைத்து அந்தக் கல்யாணத்துக்குக் கொண்டு போயிருந்தார். ஆகவே எல்லாம் அந்தப் பெட்டியில் மட்டுமே இருந்தது. நான் பென்டிரைவுக்கு நகல் எடுக்கப் பார்த்தேன். நட்சத்திரத்தில் வந்து நின்றுவிட்டது. அப்படி ஒரு பெயரைப் பென்டிரைவ் ஏற்றுக்கொள்ளாதாம். சரி, நட்சத்திரத்தை மட்டும் எடுத்துவிடுவோம் என்று rm அடித்து, ஓர் இடைவெளி விட்டு, நட்சத்திரத்தை அடித்தேன். என்னவோ ஆங்கிலத்தில் கேள்வி கேட்டது. வெளியே ஹார்ன் அடித்தது. கேள்வியை நிறுத்திவிட்டு, அவர் அவசரத்துக்குச் செய்வதுபோல -f சேர்த்து மறுபடி அடித்தேன்.

ஒன்றும் சொல்லவில்லை. வேலை நல்லபடி முடிந்தால் ஷெல் எதுவும் பேசாது என்று அவர் சொல்லியிருந்தார். அந்தச் சின்னக் கட்டம் முன்போலவே மினுங்கியது. எல்லாவற்றையும் காட்டு என்றேன். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அவரைக் கூப்பிட்டு அழுதேன். "பெட்டிய அணைச்சுருங்க. கரண்ட்டையே புடுங்கி விட்டுருங்க. யாரும் தொட வேணாம். நான் வாரேன்" என்றார். இரண்டு பஸ் மாறி, கல்யாணச் சட்டையோடு வந்து சேர்ந்தார். வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அழித்தாலும் எழுத்து உடனே மறைந்துவிடாது, மேலே வேறு எதையும் எழுதாதவரை அடியில் கிடக்கும் என்று சொல்லி, எதையோ ஓட விட்டு மீட்கத் தொடங்கினார். துண்டு துண்டாகத்தான் வந்தன. பெயர் இல்லை, வரிசை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மட்டும். பன்னிரண்டு நாள் நாங்கள் இருவரும் அந்தத் துண்டுகளை வரிசைப்படுத்தினோம். முற்றத்தில் நட்டிருந்த பந்தல் காலின் நிழலைப் பார்த்து எது முன்னால், எது பின்னால் என்று அவர் சொல்வார். வாசலில் தெளித்த தண்ணீர் எவ்வளவு காய்ந்திருக்கிறது, ஊதுபத்தி எவ்வளவு குறைந்திருக்கிறது, குறுக்கே போகும் வெள்ளைக் கோழி இங்கிட்டுப் போகிறதா, அங்கிட்டுப் போகிறதா. என் நாத்தனாரின் கடைசிக் காலைப்பொழுது எங்கள் முன்னால் பன்னிரண்டு நாள் விடிந்துகொண்டே இருந்தது. சில நேரம் அவர் ஒரு துண்டை நிறுத்தி, "இதுல காத்து அடிக்குது பாருங்க" என்பார். பந்தல் துணி மெதுவாக ஏறி இறங்கும். அந்தக் காற்று எங்கள் மேலும் படுவதுபோல இருக்கும். துக்கம் என்றால் துக்கம்தான். ஆனாலும் என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அமைதியாக இருந்த நாட்கள் குறைவு.

ஏறத்தாழ எல்லாம் வந்துவிட்டது. அந்த வாய்க்கரிசித் துண்டு மட்டும் பதினோரு நொடிதான் வந்தது. படம் இருந்தது, சத்தம் வரவில்லை.

கார்த்தி கத்தாரிலிருந்து பேசினான். ஸ்பீக்கரில் போட்டோம், என் வீட்டுக்காரரும் இருந்தார். "அம்மாகிட்ட நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அது அதுல இருந்துச்சு. யாரு அழிச்சது?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அருளானந்தம் சார், "நான்தாங்க. என்னோட தப்புத்தான்" என்றார். அன்று கார்த்தி பேசியதை இங்கே எழுத மாட்டேன். என் வீட்டுக்காரரும் தன் பங்குக்குப் பேசினார். அருளானந்தம் சார் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு, ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். "நான் வேத்தாளுக்கா. என் மேல வர்ற கோவம் ஒரு வருசத்துல ஆறிரும். ஒங்க மேல வந்தா ஒங்க வீட்டுக்காரருக்கு அக்கா வீட்டு வாசலே அடைஞ்சு போகும். விடுங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றார். நான் விட்டுவிட்டேன். அதுதான் உண்மை. எனக்கு அது வசதியாக இருந்தது. அவர் சொன்ன ஒரு வருடத்தில் அது ஆறவும் இல்லை. அதன்பிறகு சாவு வீட்டுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் ஆசைப்பட்டு வந்த வேலை அது ஒன்றுதான். கல்யாண வீடுகளில் மேடைக்குக் கீழே நின்று, சாப்பிடுகிறவர்களை எடுத்துக்கொண்டிருந்தார். குறைப்பட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் மட்டும் நட்சத்திரம் வைப்பதை நிறுத்திவிட்டேன். ஒருநாள் அதைக் கவனித்து, "ஏன்கா, அது என்ன பாவம் பண்ணுச்சு" என்று கேட்டார்.

அவருடைய அடக்கத்துக்குப் போகும்போது, வண்டியின் பின்னால் உட்கார்ந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் இறங்கியதும், "கார்த்தியும் லீவுல வந்துருக்கான். நீயே சொல்லு" என்றார். கார்த்தி ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். "நல்ல மனுசன் அத்தை. அந்த ஒரு தப்புத்தான்" என்றான். "கார்த்தி, அத அழிச்சது நான்" என்றேன். அவன் குழிக்குள் மண் போட்டுக்கொண்டிருந்தவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான். மூன்று கைப்பிடி போட்டுவிட்டு ஒதுங்குவதுதான் வழக்கம். அவன் குழி மூடும்வரை போட்டுக்கொண்டே இருந்தான். என்னிடம் சொல்லாமல் போய்விட்டான்.

அந்த அடக்கத்தை எங்கள் ஸ்டூடியோதான் எடுத்தது. அன்று காலையில் வெறும் ஃபோல்டரைத் திறந்ததும், பல வருடத்துக்குப் பிறகு, முதலில் ஒரு நட்சத்திரத்தை வைத்தேன். அவருடைய மகள் கத்தாரில் செவிலியர், அவராலும் வர முடியவில்லை. வீடியோவை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது கார்த்தி ஒத்துக்கொண்டானாம்.

ஐந்தாம் நாள் மதியம் வந்தான். வா என்றேன், உட்கார்ந்தான். டீ சொன்னேன், குடித்தான். பிறகு, "அத்தை, அந்தத் துண்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டான். இருந்தது. அருளானந்தம் சார் அதைத் தனியாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். என் கணினியில் போட்டுக் காட்டினேன். பதினோரு நொடி. கைப்பேசிக்குள் அவன் முகம், பக்கத்தில் அம்மா முகம். வாய் அசைகிறது. மறுபடி போடச் சொன்னான். மறுபடியும் போடச் சொன்னான்.

"நான் ஒண்ணும் சொல்லல அத்தை. இப்பத்தான் தெரியுது. சும்மா அழுதுருக்கேன்" என்றான்.

அந்த வாய் அசைவில் சொல் இருந்ததா, அழுகை மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொன்னானா, எனக்காகச் சொன்னானா என்றும் தெரியவில்லை. இதுபோல ஒருவர் இதே அறையில் நின்று எனக்காக முன்பு ஒன்று சொன்னார். இருவருக்கும் முன்னால் நான் சிறியவள்.

பென்டிரைவை வாங்கிக்கொண்டு கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். நட்சத்திரத்தை எடுத்தால்தான் நகல் போகும். கார்த்தி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "மெதுவா அத்தை" என்றான். rm அடித்தேன். இடைவெளி விட்டேன். சாய்ந்த கோட்டைப் போட்டேன். அதன்பிறகு நட்சத்திரம். \* என்று இரண்டே குறிகள். பெட்டி ஆங்கிலத்தில் கேட்டது.

"என்ன கேக்குது?" என்றேன்.

"இந்த வெறும் நட்சத்திரத்த எடுக்கவான்னு கேக்குது."

"அத மட்டுந்தானா?"

"அது மட்டுந்தான் அத்தை."

ஆம் என்று அடிப்பதற்கு ஓர் எழுத்துப் போதும். அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. கார்த்தி அவசரப்படுத்தவில்லை. தெருவில் சத்தமில்லை. அந்தச் சின்னக் கட்டம் மினுங்கிக்கொண்டு காத்திருந்தது, நான் சொல்லும்வரை. பிறகு அடித்தேன். எல்லாவற்றையும் காட்டு என்றேன். நட்சத்திரம் ஒன்றுதான் இல்லை. மாதா கோயில் மணி, பூசை, மேரியின் முகம், வேப்பமரம், கைப்பிடி மண்ணோடு குனியும் கார்த்தி, எல்லாம் வரிசையாக இருந்தன.

போயிட்டு வாங்க சார். இங்க எல்லாரும் இருக்கோம்.